சட்டையில் ஆறு பூ

எல்வீராவை எதையாவது நம்பவைப்பது எங்கள் ஊரில் யாராலும் ஆகாத காரியம். ரொட்டிக் கடையில் "இன்னைக்குக் காலையில சுட்டது" என்று சொன்னால், ரொட்டியைத் திருப்பி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். வானொலியில் மழை இல்லை என்றால் குடையை எடுத்துக்கொள்வாள். மழை வரும் என்றாலும் எடுத்துக்கொள்வாள். ஆனால் சொல்கிற ஆளின் குரலில் ஏதோ சரியில்லை என்பாள்.

தொழிலும் அதற்கேற்ற மாதிரி வாய்த்துவிட்டது. லிதுவேனியாவில் லினைச்சை என்கிற எங்கள் சின்ன நகரத்தில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே அவள் பிழைப்பு ஓடியது. எதிரே வருகிற லாரி, குறுக்கே வருகிற நாய், பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் பையன், யாரையும் நம்பக் கூடாது. எங்கள் ஊர்ப் பாதிரியார் பயிற்சிக்கு வந்தபோது, "கடவுள் பாத்துக்குவார்னு கண்ணாடியைப் பாக்காம திருப்பாதீங்க ஃபாதர், லைசன்ஸ் அவர் பேர்ல குடுக்க மாட்டாங்க" என்று சொன்னவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் என்பதால் பெரிய மனிதர்கள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்தச் சந்தேகத்திலிருந்து கட்டின புருஷனும் தப்பவில்லை. வைதஸ் பரம சாது. எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியின் பஸ்ஸை ஓட்டியவன். ஒவ்வொரு ஜூனிலும், சீசனின் கடைசி ஆட்டங்களுக்காகக் கடற்கரை ஊருக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பும்போது, மூன்று காம்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்பான். வெறும் காம்பு. பூவே இருக்காது.

"ஆளிப்பூ எல்வீரா. பறிக்கறப்ப நல்லா நீலமாத்தான் இருந்துச்சு. வழியில கொட்டிடுச்சு."

"பூவை எவளுக்கோ குடுத்துட்டுக் காம்பை எனக்குக் கொண்டு வந்தியா?"

ஊர் இதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. வேடிக்கை இல்லை. மறுநாள் காலையில் பஸ் ஷெட்டுக்குப் போய் பஸ் ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் பார்ப்பாள். கடற்கரை ஊருக்கு எவ்வளவு தூரம் என்பது அவளுக்கு மனப்பாடம். மீட்டர் எப்போதும் நாலைந்து கிலோமீட்டர் கூடக் காட்டும். அந்த நாலைந்து கிலோமீட்டரில் யார் வீடு இருக்கிறது என்று அவள் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. கேட்டால் அவன் பதில் சொல்லுவான், அதையும் நம்ப முடியாது. காம்புகளைக் குப்பையில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்காருவாள்.

போன நவம்பரில் வைதஸ் தூக்கத்திலேயே போய்விட்டான். குழந்தைகள் இல்லை. எல்வீராவுக்கு மிஞ்சியது பயிற்சிக் காரும், விளையாட்டு அரங்கின் கிழக்குப் பக்கத்தில் அவள் அடிக்கிற பெரிய மேளமும்தான். எங்கள் அணிக்கு ப்ரியெதிஸ் என்று பெயர், அதாவது கடமான். கரும்பச்சை ஜெர்சி, நெஞ்சில் வெள்ளைக் கொம்பு. லிதுவேனியாவில் ஒரு ஊருக்குத் தேவாலயம் இல்லாவிட்டால்கூடச் சமாளித்துக்கொள்ளலாம், கூடைப்பந்து அணி இல்லாவிட்டால் அதை யாரும் ஊராக மதிக்க மாட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க, ஆட்டம் இருக்கிற நாட்களில் மட்டும்தான் எல்வீரா வயிறாரச் சாப்பிட்டாள். அணி இல்லாமல் போனால் அவள் என்ன ஆவாள் என்று நாங்களே பேசிக்கொண்டோம். அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் அந்தப் படம் வந்தது. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் புது ஜெர்சியைத் தொங்கவிட்டிருந்ததை யாரோ திருட்டுத்தனமாகப் படமெடுத்து, அணி ரசிகர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் அல்பீனாஸின் பீர் கடையில் உட்கார இடமில்லை. அல்பீனாஸ் பழைய தீயணைப்புக்காரன், எல்வீராவுக்குப் பள்ளித் தோழன், அரங்குக்கு எதிரே கடை வைத்திருக்கிறான். பூண்டு தேய்த்து வறுத்த கறுப்பு ரொட்டியை மேசை மேசையாக வைத்தபடி ஃபோனில் வந்துகொண்டிருந்த கருத்துகளை உரக்கப் படித்தான்.

"'பச்சை எங்கடா போச்சு?' இது ஒருத்தன். 'ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குப் போட்டு விடுற கவுன் மாதிரி இருக்கு.' இது இன்னொருத்தன். 'எங்க சமையல்கட்டு ஜன்னலுக்கு இதே துணிதான்.' 'எழுபது யூரோவாம், கூட ரெண்டு தலையணை உறையும் தருவாங்களா?'"

கடை குலுங்கிச் சிரித்தது. சட்டை சாம்பல் வெளுப்பாக, லினன் துணி நிறத்தில் இருந்தது. கொம்பைச் சின்னதாக்கித் தோளுக்கு அருகே ஒதுக்கிவிட்டார்கள். நெஞ்சில் இடது பக்கம், மேலிருந்து கீழாக நீல நிறத்தில் ஆளிப்பூக்கள்.

"நல்லாத்தான் இருக்கு, சும்மா இருங்கப்பா. ஒரு காலத்துல லினன் நூலுக்காக நம்ம பக்கம் பூரா ஆளி வயல்தான" என்றான் ஓரத்தில் ஒருவன்.

எல்வீரா சிரிக்கவில்லை. ஃபோனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். உதடு அசைந்தது.

"ஆறு" என்றாள்.

"என்ன ஆறு?"

"பூ. ஆறு பூ இருக்கு. நீயே எண்ணு."

அல்பீனாஸ் எண்ணினான். பக்கத்து மேசைக்காரர்களும் தங்கள் ஃபோனில் எண்ணினார்கள். ஆறுதான்.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பூ கொடுப்பதென்றால் ஒற்றைப்படையில்தான். ஒன்று, மூன்று, ஐந்து. இரட்டைப்படை என்றால் அது சவப்பெட்டிக்கு. பூக்கடையில் போய் ஆறு பூ கேட்டுப் பாருங்கள், கடைக்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டு "யாரு போனது?" என்று கேட்பாள். நாலு வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

"சட்டையை வரைஞ்சவன் வெளிநாட்டுக்காரனா இருப்பான். அவனுக்கு என்ன தெரியும்?" என்றான் அல்பீனாஸ்.

"வரைஞ்சவனுக்குத் தெரியாது, சரி. ஒத்துக்கிட்டவனுக்கு? அச்சடிச்சவனுக்கு? போட்டுப் பாத்த ஆட்டக்காரனுக்கு? இத்தனை பேர் கண்ணுக்கும் தப்பிச்சு என் கண்ணுல மட்டும் வந்து விழுந்துச்சா?" எல்வீரா பீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "பக்கத்து ஊர் அணியை என்ன பண்ணாங்க? முதல் வருஷம் சட்டை நிறத்தை மாத்தினாங்க. அடுத்த வருஷம் பேரை மாத்தினாங்க. அப்புறம் ஆளுங்களைத் தலைநகரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப அந்த அரங்குல செருப்புச் சந்தை நடக்குது. நம்மளை அடக்கம் பண்ணப் போறானுங்க அல்பீனாஸ். துணியையும் போத்திப் பூவையும் வெச்சுட்டான்."

"யாரு?"

"வேற யாரு? வில்னியஸ்ல இருந்து வந்திருக்கானே, அந்தப் பளபளா ஷூ."

தலைநகர் வில்னியஸிலிருந்து வந்த அணியின் புது நிர்வாகி ஜில்வினாஸைத்தான் சொன்னாள். நாற்பது வயதுகூட இராது. வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சிரித்துச் சிரித்துப் பேசுவான். அதுவே எங்களுக்குப் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் சிரிக்கிறவனை எங்கள் ஊர் ஒரு அடி தள்ளி நின்றுதான் பார்க்கும். அன்று இரவுக்குள் ஃபேஸ்புக் பக்கம் தீப்பிடித்துக்கொண்டது. சட்டை நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்களை எல்லாம் ஜில்வினாஸின் கைக்கூலி என்றார்கள். அதுவரை அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவன்கூடப் பூவை எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் கருத்தை அழித்துவிட்டான்.

வாரக் கடைசியில் அரங்கில் ஜெர்சி வெளியீடு நடந்தது. அணியின் தலைவன் ஈக்னாஸ் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றான். எங்கள் ஊர்ப் பையன், எல்வீராவிடம் கார் ஓட்டக் கற்றவன். ஆள் அவ்வளவு உயரம் என்பதால் பயிற்சிக் காரின் முன் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பின் இருக்கையிலிருந்து ஓட்டினான் என்று எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய்.

எல்வீரா முதல் ஆளாக எழுந்தாள். "ஒரே கேள்விதான். இந்தப் பூவை எண்ணினது யாரு?"

ஜில்வினாஸ் சிரித்தான். பிறகு ஈக்னாஸைப் பார்த்தான். ஈக்னாஸ் தரையைப் பார்த்தான்.

"பொன்யா எல்வீரா," என்றான் ஜில்வினாஸ், பெரிய மனுஷிகளை மரியாதையாகக் கூப்பிடுகிற முறையில், "அது யோசிச்சு வெச்சதுதான். தப்பா விழலை. முதல் ஆட்டத்தன்னைக்கு எல்லாருக்கும் புரியும்."

"தெரிஞ்சேதான் ஆறு வெச்சீங்களா?"

"தெரிஞ்சேதான்."

கூட்டத்தில் கசமுசா எழுந்தது. எல்வீரா வெளியே நடந்தாள். வாசலில் ஈக்னாஸ் ஓடி வந்து அவளை மறித்தான். "டீச்சர், முதல் மேட்சுக்குக் கண்டிப்பா வந்துடுங்க. என்னை நம்புங்க."

"நம்புங்கன்னு சொல்றவன்தான் சிக்னல் போடாம திரும்புவான். உனக்கு நான் சொல்லிக் குடுத்தது. என் கண்ணைப் பாத்துப் பேசு."

அவனால் பார்க்க முடியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு குனிந்து நின்றது. பாவம், அவனையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று எல்வீரா முடிவு கட்டிவிட்டாள். 

முதல் ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு ஜில்வினாஸ் அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம். எல்வீரா கதவைத் திறந்தாள், வழிவிடவில்லை.

"உள்ள வரலாமா?"

"இப்பதான் துடைச்சேன். தரை ஈரமா இருக்கு."

"அப்ப இதை மட்டும் வாங்கிக்குங்க" என்று பொட்டலத்தை வாசலுக்குக் குறுக்கே நீட்டினான்.

எல்வீரா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாசற்படிக்குக் குறுக்கே கை குலுக்கினாலே சண்டை வரும் என்பது எங்கள் நம்பிக்கை, பொருள் கைமாறினால் கேட்கவே வேண்டாம்.

"படிக்கு மேல வாங்கற வழக்கம் இந்த வீட்டுல கிடையாது. வில்னியஸ்ல அதையும் விட்டுட்டீங்களா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுடுங்க. நீங்க ஒரு நிமிஷம் வெளியே வாங்களேன்."

"கால்ல செருப்பு இல்ல."

செருப்பு அவள் காலடியிலேயே கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"முதல் ஆட்டத்துக்குக் களத்தை ஒட்டி, முன் வரிசையில உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கோம்" என்றான் ஜில்வினாஸ். "நீங்க அங்க உக்காரணும்னு பசங்க ஆசைப்படறாங்க. காரணத்தை நான் இப்பவே சொல்லிடறேன், கொஞ்சம் கேளுங்க..."

"நாற்காலி எனக்கு எதுக்கு? நின்னு மேளம் அடிக்கிறவளை உக்கார வெச்சா சத்தம் வராதுன்னு கணக்கா?" என்று கதவைச் சாத்தினாள். அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொன்னான். அவள் தண்ணீர்க் குழாயை வேண்டுமென்றே வேகமாகத் திறந்துவிட்டாள். பிறகு அல்பீனாஸுக்கு ஃபோன் போட்டாள்.

"விலை பேச வந்துட்டான். பொட்டலம், நாற்காலி, எல்லாம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"பொட்டலத்துல என்ன இருந்துச்சு?"

"பிரிச்சாதான தெரியும். பிரிச்சா நானும் கூட்டுக் களவாணி."

அன்றைக்கே கிழக்குப் பக்கத்தார் முடிவெடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் அணி களத்துக்கு வரும்போது மேளம் கிடையாது, பாட்டு கிடையாது. எல்லோரும் களத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது, முதல் கால் பகுதி முடியும்வரை.

செப்டம்பர் கடைசியில் அந்த ஆட்டம் வந்தது. அரங்கு நிரம்பி வழிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு புதுச் சட்டைகூட இல்லை. எல்லோரும் சாயம் போன பழைய கரும்பச்சையில் வந்திருந்தோம். களத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. விளக்குகள் அணைந்தன. அணி ஓடி வந்தது. எல்வீரா கையை உயர்த்தினாள். கிழக்குப் பக்கம் மொத்தமும் ஒரே வீச்சில் திரும்பிக்கொண்டது. மேளத்துக்காக அவள் எப்போதும் கீழ் வரிசையில் நிற்பவள், ஆகவே திரும்பியதும் அவள் கண்ணெதிரே மேல் வரிசைகளின் முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. மற்ற பக்கங்களிலிருந்து எங்களைப் பார்த்துச் சீட்டி அடித்தார்கள்.

ஒலிபெருக்கியில் வழக்கமான அறிவிப்பாளன் பேசவில்லை. ஈக்னாஸின் குரல் வந்தது.

"எனக்குப் பேச வராது. சட்டையில ஏன் ஆறு பூன்னு ஊரே கேக்குது. ஆறுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். இது செத்துப் போனவருக்கு. நவம்பர்ல போன எங்க டிரைவர் வைதஸுக்கு."

சீட்டிச் சத்தம் நின்றது.

"ஜூன்ல கடற்கரை ஊர்ல ஆடிட்டு மறுநாள் காலையில வருவோம். தோத்திருப்போம், யாரும் பேச மாட்டோம். அவர் பெரிய ரோட்டை விட்டுச் சின்ன ரோட்டுல பஸ்ஸைத் திருப்பிடுவார். அந்தப் பக்கம் மிச்சம் இருந்த ஒரே ஆளி வயல் அங்கதான். இறங்கிப் போய் மூணு பூ பறிச்சுட்டு வருவார். எங்க டீச்சருக்கு. அந்தப் பூ மத்தியானம் வரைக்கும் தாங்காது. ஊர் வர்றதுக்குள்ள இதழெல்லாம் பஸ்ஸுக்குள்ள கொட்டிடும். பெருசா குடுங்க அண்ணே, ரோஜா வாங்கிக் குடுங்கன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். ரோஜான்னா எதுக்கு வாங்கினேன்னு சந்தேகப்படுவா, இதுன்னா காம்பைப் பாத்துத் திட்டறதோட போயிடும்பார். ஒவ்வொரு வருஷமும் தோத்துப்போன எங்களை அந்த வயல்கிட்டதான் அவர் சிரிக்க வெச்சார்."

மேல் வரிசையில் ஒருவன் மெதுவாகத் திரும்பினான். பிறகு இன்னொருவன். முதுகு முதுகாகக் கலைந்து கிழக்குப் பக்கம் முழுக்கக் களத்தைப் பார்க்கத் திரும்பியது. திரும்பாதவள் எல்வீரா ஒருத்திதான். ஆகவே அத்தனை பேரும் களத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த முகத்தை அப்படிப் பார்த்திருக்கக் கூடாது என்று இன்றும் தோன்றுகிறது.

அல்பீனாஸ் அவள் தோளைத் தொட்டான். "திரும்பு எல்வீரா. உன் வைதஸுக்குத்தான்."

"நாலைஞ்சு கிலோமீட்டர்" என்றாள் அவள்.

"என்னது?"

"மீட்டர் கூடக் காட்டும். எப்பவும் நாலைஞ்சு கிலோமீட்டர் கூடக் காட்டும்."

அல்பீனாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். களத்தின் நடுவே ஆட்டக்காரர்கள் அவளை நோக்கி நின்றுகொண்டிருந்தார்கள். மேளக் கோலை எடுத்தாள். முதல் அடி விழவில்லை. கோல் மேளத்தின் ஓரத்தில் பட்டது. இரண்டாவது அடி அரங்கைக் கிடுகிடுக்க வைத்தது. அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவள் நிறுத்தவில்லை. யார் புள்ளி எடுத்தாலும் அடித்தாள், எதிரணி பந்து போட்டபோதும் அடித்தாள். அன்று நாங்கள் தோற்றுத்தான் போனோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஆட்டக்காரர்கள் வெளியே வருகிற கதவுக்கு எதிரே எல்வீரா நின்றாள். ஈக்னாஸ் கதவைத் திறந்தான். கையில் அதே பழுப்புக் காகிதப் பொட்டலம். அவளிடம் நீட்டினான்.

"உள்ள நின்னுக்கிட்டு நீட்டாதே. படியைத் தாண்டி வா" என்றாள்.

அவன் தாண்டி வந்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"பஸ்ஸுல கொட்டின இதழையெல்லாம் யாரு கூட்டினது?"

"அவரேதான் டீச்சர். உங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான். பட்டா, எவளோ பஸ்ஸுல ஏறியிருக்கான்னு சொல்லுவீங்களாம்."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றாள் எல்வீரா.

விளக்குக் கம்பத்தின் அடியில் நின்று காகிதத்தைப் பிரித்தாள். சட்டை அதேதான். லினன் நிறம், சின்னக் கொம்பு, இடது பக்கம் பூ. ஆனால் ஆறு இல்லை. மூன்று. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. விரலை வைத்து மறுபடியும் எண்ணினாள். மூன்றுதான், உயிரோடு இருக்கிறவளுக்குக் கொடுக்கிற கணக்கில். மூன்றிலும் இதழ் முழுசாக இருந்தது.